பந்தல் இழிவன்று

கோலா கெத்தில் வட்டாரத்தில் தமிழர் விழா எதுவாயினும், அது பொங்கலாயினும் பள்ளி விளையாட்டுப் போட்டியாயினும் நூல் வெளியீடாயினும், ஏற்பாட்டுக் குழுவின் முதற்கூட்டத்தில் எழும் முதற்கேள்வி ஒன்றே: "கூடாரம் எத்தனை?" விழாவின் பொருள் யாது, வருவோர் எங்கு அமர்வர், வெயில் எத்திசையிலிருந்து விழும், காற்று எங்கிருந்து வரும் என்னும் கேள்விகள் எழுவதே இல்லை. வாடகைக்கு விடுவோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகிறது. மறுநாள் லாரியில் இரும்புக் குழாய்களும் வெண்ணிற நெகிழித் துணியும் வந்து இறங்குகின்றன. நான்கு இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் அவற்றை நிறுத்திவிட்டுப் போய்விடுகின்றனர். அதன் கீழ்த் தமிழர் அமர்ந்து, அழைப்பிதழால் விசிறிக்கொண்டு, தமிழர் பண்பாட்டின் தொன்மை பற்றிய உரைகளைக் கேட்கின்றனர். தலைக்கு மேல் இருப்பது எதுவென்று உரையாற்றுவோரும் பார்ப்பதில்லை; கேட்போரும் பார்ப்பதில்லை.

பொதுப் பூங்காவொன்றில் சில நாள்களுக்கென எழுப்பிப் பின் சுவடின்றி அகற்றத்தக்க இலேசான கட்டடத்தை வடிவமைத்தல் என்பது, இன்று உலகப் பெருங்கட்டடக் கலைஞர்கள் போட்டியிட்டுப் பயிலும் துறை. அத்துறையில் தமிழர் பழம்புலமை உடையவர். அதற்கு அவர் இட்ட பெயர் பந்தல். அப்புலமையை அவர் தம் கையாலேயே குப்பையில் எறிந்துகொண்டிருக்கின்றனர் என்பதே ஈண்டு எடுத்துரைக்கப்படும் வழக்கு. எறிவோருள் படித்தவர் மிகுதி என்பதும், ஆசிரியர்கள் அவர்களுக்கு முன்வரிசையில் நிற்கின்றனர் என்பதும் மறைக்கத்தக்கன அல்ல.

வழக்கின் எதிர்த்தரப்பில் இரு சாரார் உளர். ஒரு சாரார் வாடகைக் கூடாரமே போதும் என்பர். மற்றொரு சாரார் கூடாரமும் வேண்டா, பந்தலும் வேண்டா, பூங்காவின் நடுவே சிமெண்டுத் தூண்களும் தகரக் கூரையும் உடைய நிலையான மண்டபம் ஒன்று வேண்டும் என்பர். இரண்டாமவரின் ஆசையில் ஒரு நியாயம் உண்டு. அது பின்னர் எடுத்துக்கொள்ளப்படும். ஆயினும் அவர்களுடைய மண்டபத்தின் வாழ்க்கை வரலாறு யாவரும் அறிந்ததே. திறப்பு விழாவன்று நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குப் பலகை ஒளிவிடும். மூன்றாண்டு கழித்துத் தூண்களில் காதலர் பெயர்கள் ஏறும். கூரையில் வௌவால் குடியேறும். பின்னர் இரும்புக் கதவு பூட்டப்படும். ஆண்டில் முந்நூற்றறுபது நாள் வெறுமையாய்க் கிடக்கும் அம்மண்டபத்திற்காகப் பிள்ளைகள் ஓடிய புல்வெளி நிரந்தரமாக அழிந்தது என்பதைக் கணக்கில் எழுதுவார் எவருமில்லை. கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் முகத்துவாரமாதலின் இவ்வூர் கோலா எனப் பெயர் பெற்றது. 2022 ஜூலையில் இதே பாலிங் மாவட்டத்தின் கூப்பாங்கில் மலைவெள்ளம் இறங்கி உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. ஆற்றோரத் திடலில் எதை ஊன்றுவது, எதை ஊன்றாதிருப்பது என்பதை ஆறும் முடிவு செய்கிறது. குழு மட்டும் முடிவு செய்வதன்று.

இனிக் கூடாரக் கட்சியினரிடம் வருவோம் எனில், அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: விலை குறைவு, வேலை குறைவு, பாதுகாப்பு மிகுதி. முதலிரண்டையும் விட்டுக்கொடுத்துவிடலாம். மூன்றாவதே ஆராய்தற்குரியது. இலேசான கட்டடத்தின் பகை அதன் எடை அன்று, காற்று. வீடு தன் எடையால் நிற்கிறது. பந்தலும் கூடாரமும் தம் எடையின்மையால் எழுந்து பறக்க முயல்கின்றன. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது இடைநிலைப்பள்ளி அறிவியல். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறக்குறைய 6 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்தும். வேகம் 20 மீட்டராக இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகி 25 கிலோகிராமைத் தொடும். 6 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள கூடாரத்தின் கூரை 36 சதுர மீட்டர். அக்காற்று கீழே புகுந்து தூக்குமாயின் 900 கிலோகிராம் எடையை மேல்நோக்கி இழுப்பதற்கு அது சமம். கூரைச் சரிவையும் காற்றின் கோணத்தையும் பொறுத்து இத்தொகை கூடும், குறையும். ஆனால் நான்கு மூலைகளில் நான்கு குறுங்கம்பிகளைப் புல்லில் அடித்துவிட்டுப் போகும் வழக்கம் இக்கணக்கிற்கு எவ்வகையிலும் விடையாகாது. மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை திடீரென எழும் சுமத்திராக் காற்றை அறிந்தவர் இதனை மிகையென்று கூறார்.

நெகிழித் துணி காற்றையும் விடாது, நீரையும் விடாது. நீரை விடாமை அதன் பெருமை என்பர். தளர்ந்த துணியில் மழைநீர் தேங்கும்போது அப்பெருமை வெளிப்படும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் பரப்பில் சராசரி 5 செண்டிமீட்டர் ஆழம் நீர் நின்றால் அது 450 கிலோகிராம். அதனைத் துடைப்பக் கட்டையால் கீழிருந்து குத்தி வடிக்கும் காட்சி மலேசியத் திருமண விருந்துகளின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. முடைந்த கிடுகோ வெனில், காற்றைச் சிறிது தன்னூடே விடும். அதனால் தூக்குவிசை குறையும். வெப்பக் காற்றும் மேலே வெளியேறும். செங்குத்தான சரிவில் வேய்ந்தால் மழையையும் ஓட்டும். இவ்வறிவு நூலில் எழுதப்பட்டதன்று, கையில் இருந்தது. கை ஓய்ந்தபோது அறிவும் ஓய்ந்தது.

பந்தல் தமிழிலக்கியத்தில் வெறும் அலங்காரச் சொல்லாக வருவதில்லை. அகநானூற்று 86-ஆம் பாடல் ஒரு திருமணத்தை விவரிக்கும்போது, வரிசையாகக் கால்கள் நிறுத்திய பெரிய குளிர்ந்த பந்தரையும், வேற்றிடத்திலிருந்து கொணர்ந்து பரப்பிய மணலையும் சொல்கிறது. கால்களின் வரிசை, நிழலின் குளிர்ச்சி, தரையின் பக்குவம் ஆகிய மூன்றும் ஒரு கட்டடக் கலைஞன் குறிக்க வேண்டிய மூன்று குறிப்புகள். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப் பந்தலைப் பெரிய புராணம் போற்றுகிறது. வழிப்போக்கர் எவராயினும் வந்து அமர்ந்து நீரருந்திச் செல்லும் பொது நிழற்கூடம் அது. ஞானசம்பந்தர் வேனிற் கொடுமையில் பட்டீச்சரத்திற்கு நடந்து வந்தபோது, சிவபெருமான் பூதகணங்களைக் கொண்டு முத்துப்பந்தர் பிடிப்பித்தான் என்பதும் அதே நூலின் செய்தி. பட்டீச்சரத்தில் ஆனித் திங்களில் அவ்விழா நடைபெறுகிறது. நடப்பவனோடு தானும் நடக்கும் பந்தலைக் கற்பனை செய்த மக்கள், இலேசான கட்டடம் என்பதன் எல்லையையே தொட்டவர் என்று கூறின் தவறன்று.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்க. மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை இளங்கோவடிகள் கொத்தனுக்கும் தச்சனுக்கும் சொல்வதுபோல் சொல்கிறார். மலையில் வளர்ந்த மூங்கிலில் இருபத்துநான்கு விரல் நீளத்திற்குக் கோல் ஒன்று வெட்டப்படுகிறது. அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து உயரம் 1, மேடைக்கும் மேலுள்ள உத்தரத்திற்கும் இடைவெளி 4. போகவும் வரவும் இரு வாயில்கள். தூண்களின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாதவாறு விளக்குகளை நிறுத்த வேண்டும் என்னும் குறிப்பு வேறு. இக்காதையை ஆண்டுதோறும் தமிழாசிரியர்கள் கற்பிக்கின்றனர். அளவுகளைக் கேட்டுத் தேர்வில் வினாவும் அமைக்கின்றனர். ஒரு மூங்கிற் கோலை வெட்டிப் பள்ளித் திடலில் ஏழுக்கு எட்டு என்று கயிறு பிடித்துக் காட்டிய வகுப்பு எத்தனை? அளவுகளை மனனம் செய்தவன் அளந்தவன் ஆகான்.

கல்லே உயர்ந்தது, கீற்று தாழ்ந்தது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையில் குடைந்த திரௌபதி இரதத்தைப் பார்த்தவர்க்குத் தெரியும், அது கல்லில் வடித்த ஒரு கூரை வீடு. ஆவுடையார்கோவிலின் கொடுங்கையில் மரச்சட்டங்களையும் ஆணிகளையும் கல்லிலேயே செதுக்கிக் காட்டியுள்ளனர். கல் தச்சன் கீற்றிடமும் மரத்திடமும் பாடம் கேட்டான், வெட்கப்படவில்லை. கெடாவில் வாழும் தமிழர் கடாரத்தின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதில் எவர்க்கும் பின்வாங்கியவர் அல்லர். அக்கடாரத்தின் எச்சமென அவர் காட்டும் புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1958 முதல் 1960 வரை அகழ்ந்து சீரமைத்தவர் அலஸ்டர் லாம்ப். இன்று மெர்போக்கில் அதனைக் காணச் செல்வோர் காண்பது விமானத்தின் கல்லடித்தளமும் மண்டபத் தூண்களுக்கான கற்பீடங்களுமே. மேலே நின்றவை மரக்கால்கள். அவற்றின் மேல் இலேசான கூரை. கல்லின்மேல் நட்ட பந்தல் என்று அதனைச் சொன்னால் பெருமை குறைந்துவிடுமா? கல்லும் செங்கல்லும் என்றும் நிலைக்கும் என்போருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அதே பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில் இருந்த தொன்மைச் சண்டி ஒன்று 2013-இல் வீடமைப்பு நில மேம்பாட்டுப் பணியில் இயந்திரத்தால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் மிக வலிய வாதத்தைக் கேட்டாக வேண்டும். அதனை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையன்று. "அத்தாப்புக் கூரையும் மூங்கிற் காலும் எங்களுக்கு அழகல்ல, அவமானம். எங்கள் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கி முதலிற் படுத்தது அத்தாப்புக் குடிசையில். சயாம் ரயில் பாதையில் 1942, 1943-இல் அவர்கள் மழை ஒழுகப் படுத்துக் காய்ச்சலில் மடிந்ததும் மூங்கிற் கொட்டகையில். லயத்துத் தகரக் கூரையிலிருந்து கல்வீட்டிற்கு வர மூன்று தலைமுறை பிடித்தது. பள்ளி நிற்கும் நிலமும் கோயில் நிற்கும் நிலமும் இன்றும் பல இடங்களில் பிறர் பெயரில் இருக்கின்றன. தோட்டம் கைமாறினால் எல்லாமே தற்காலிகம் என்றாகிவிடுகிறது. இந்நிலையில் தற்காலிகக் கட்டடத்தின் அழகைப் பற்றி எங்களிடம் பேசுவது யாருக்கு நன்மை?" இவ்வாறு கேட்பவர் மூடர் அல்லர். நிலையான மண்டபம் வேண்டும் என்ற ஆசையின் வேர் இங்கேதான் இருக்கிறது. பளிங்குப் பலகையின் மோகத்திற்கு அடியில் ஒரு காயம் இருக்கிறது.

ஆயினும் அவ்வாதம் இரு வேறு பொருள்களை ஒன்றாக்கிக் குழப்புகிறது. ஒருவனை அவன் விருப்பத்திற்கு மாறாகத் தற்காலிகக் கூரையின் கீழ் நாற்பதாண்டு வாழவைப்பது கொடுமை. அவனே விரும்பி மூன்று நாள் விழாவுக்குத் தன் கையால் கூரை எழுப்பி, நான்காம் நாள் தானே பிரிப்பது கலை. முன்னதற்குப் பரிகாரம் நிலப்பட்டா, வீட்டுடைமை, பள்ளிக்குச் சொந்த நிலம். அவற்றிற்காகப் போராடுவோர் போராடட்டும். அவர்களுக்குத் துணை நிற்பது ஒவ்வொருவர் கடமை. பூங்காவில் ஒரு சிமெண்டு மண்டபம் எழுப்புவதால் ஒரு தோட்டக் குடும்பத்திற்கும் பட்டா கிடைத்துவிடாது. மேலும், அவமானம் என்று ஒதுக்கப்பட்ட மூங்கிலின் இடத்தில் இவர்கள் கொண்டுவந்து நிறுத்தியது என்ன? சொந்த மாளிகையா? வாடகைக் கூடாரம். அதுவும் தற்காலிகமே. வேறுபாடு ஒன்றுதான்: பந்தலைத் தமிழன் தானே கட்டினான், கூடாரத்தைக் காசு கொடுத்துக் கட்டச் சொல்கிறான்.

வெள்ளையர் செய்தால்தான் நம்புவோம் என்பாரும் சிலர் உளர். அவர்களுக்காகவும் சில செய்திகள். இலண்டன் கென்சிங்டன் பூங்காவில் சர்ப்பண்டைன் கலைக்கூடம் 2000-ஆம் ஆண்டில் ஸாஹா ஹதீத் வரைந்த நிழற்கூடத்தோடு ஒரு மரபைத் தொடங்கிற்று. ஒவ்வொரு கோடைக்கும் ஒரு கட்டடக் கலைஞர் அழைக்கப்படுவார். இங்கிலாந்தில் அதுவரை கட்டடம் எழுப்பாதவராக அவர் இருத்தல் வேண்டும். அழைத்த ஆறு மாதத்திற்குள் கூடம் எழ வேண்டும். கோடை முடிந்ததும் அகல வேண்டும். 2002-இல் தோயோ இத்தோவோடு சேர்ந்து அக்கூடத்தின் கட்டமைப்பை வகுத்த பொறியாளர் செசில் பால்மண்ட், இலங்கையில் பிறந்தவர். 2016-இல் மெல்பர்ன் நகரின் விக்டோரியா அரசியார் பூங்காவில் மும்பையைச் சேர்ந்த பிஜாய் ஜெயின் எழுப்பிய கூடம் முழுவதும் மூங்கில். 7 கிலோமீட்டர் நீள மூங்கிலும் 26 கிலோமீட்டர் நீளக் கயிறும் அதற்குச் சென்றன. பருவம் முடிந்ததும் அது பிரித்தெடுக்கப்பட்டு அந்நகரின் விலங்குக்காட்சிச் சாலைக்கு இடம்பெயர்ந்தது. இந்நாட்டிலேயே கோலாலம்பூர் பெர்டானா தாவரவியல் பூங்காவில் 2015-இல் எலீனா ஜமில் வடிவமைத்த மூங்கில் விளையாட்டுக்கூடம், கிளந்தான் திரங்கானுப் பக்கத்து 'வாக்காப்' என்னும் வழிப்போக்கர் நிழற்குடிலை முன்மாதிரியாகக் கொண்டது. மலாய்க் கட்டடக் கலைஞர் தம் பாட்டன் நிழற்குடிலைத் தலைநகரின் நடுவே கொண்டுவந்து நிறுத்த நாணவில்லை. தமிழர்க்கு மட்டும் தண்ணீர்ப் பந்தல் என்றால் தைப்பூசத்தில் ஒலிபெருக்கி வைக்கும் இடம் என்றாகிவிட்டது.

மேல்நாட்டார் செய்வன எல்லாம் சிறந்தன என்பதும் இல்லை. 2021-ஆம் ஆண்டு இலண்டன் கூடத்திற்கு ஊற்றிய கான்கிரீட் அடித்தளத்தின் அளவு கண்டு அங்கேயே கண்டனம் எழுந்தது. நான்கு மாதம் நிற்பதற்கு நூறாண்டு நிற்கும் அடித்தளம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. இலேசு என்பது கண்ணுக்குத் தெரியும் கூரையில் மட்டும் இருந்தால் போதாது. மண்ணுக்குள்ளும் இருக்க வேண்டும். இதற்கு மாறாக ஜெர்மனியின் மன்ஹைம் நகர்ப் பூங்காவில் 1975-இல் பிரை ஓட்டோ மெல்லிய மரச்சட்டங்களை வலைபோல் பின்னி எழுப்பிய பெருங்கூடம், தோட்டக்கலைக் கண்காட்சிக்கென்று ஒரு பருவத்திற்காகவே கட்டப்பட்டது. அது தாங்குமா என்று சோதிக்க நீர் நிரப்பிய குப்பைத் தொட்டிகளை அதன் வலையில் தொங்கவிட்டுப் பார்த்தனர். தாங்கிற்று. ஊரார் அதனை இடிக்க விடவில்லை. 1998-இல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாயிற்று. நிலைத்து நிற்கும் உரிமையைக் கட்டடம் தன் அழகால் சம்பாதித்துக்கொள்ளலாம் போலும்.

அடுத்து நெருப்பு. பந்தலைப் பரிந்துரைக்கும் எவரும் இதனைத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி, நெருப்பிலும் நெரிசலிலும் 48 பேர் மாண்டனர். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபத்து மாடியில் போட்டிருந்த பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கருகினர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கட்டில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன்பின் தமிழக அரசு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணையிட்டது. அது தக்க ஆணையே. இவற்றைச் சொல்லி, "பார்த்தீர்களா, கீற்று கொல்லும்" என்பார் வாயை அடைக்க இயலாது, அடைக்கவும் வேண்டா.

ஆனால் அவை எவ்வாறு கொன்றன என்பதையும் ஆசிரியர்கள் நுணுகிப் பார்க்க வேண்டும். திருவரங்கத்திலும் கும்பகோணத்திலும் கீற்று மாடியில் இருந்தது. கீழிறங்கக் குறுகிய படிக்கட்டு. ஓரிடத்தில் படப்பிடிப்பு விளக்கின் மின்கம்பி கூரையைத் தொட்டது. மற்றோரிடத்தில் அடுப்பும் கீற்றும் அடுத்தடுத்து இருந்தன. தஞ்சையில் மதிலுக்குள் பெருங்கூட்டம். அடைபட்ட இடம், அருகில் தீ, தப்ப வழியின்மை என்னும் மூன்றும் சேர்ந்தே உயிர் குடித்தன. தரையில் நின்று, நான்கு புறமும் திறந்து, சுவரும் திரையும் இன்றி, அடுப்பும் மின்கம்பியும் அணுகாமல் அமைக்கப்படும் பூங்காப் பந்தலில் இம்மூன்றும் இல்லாதவாறு செய்யலாம். செய்யாவிட்டால் அதனைக் கட்டக் கூடாது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் மூங்கிலையும் கிடுகையும் நனைப்பது தீ பரவும் வேகத்தைக் குறைக்கும். தீயைத் தடுத்துவிடும் என்று எண்ணி ஏமாறலாகாது. விளக்குகளைப் பந்தலுக்கு வெளியே தனிக்கால்களில் நிறுத்தி ஒளியை உள்ளே பாய்ச்சுக. தூண் நிழல் அவையில் விழாமற் பார்த்துக்கொள்ளும் வேலை அப்போது தானாகவே வந்து சேரும். மாதவியின் அரங்கமைத்தோர் அதை முன்பே அறிந்திருந்தனர். சமையல், பந்தலைவிட்டு எட்டக் காற்றின் கீழ்த்திசையில். திடலுக்குப் பாலிங் மாவட்ட மன்றத்தின் இசைவும், அமைப்பைப் பார்வையிடத் தீயணைப்பு மீட்புத் துறையினரும் வேண்டும். அவர்களை அழைக்க அஞ்சும் குழு கூடாரத்தோடேயே நின்றுகொள்ளட்டும்.

கோலா கெத்தில் திடலுக்கேற்ற பந்தல் எப்படி இருக்கலாம்? 6 மீட்டர்ச் சதுரம் ஓர் அலகு. கூட்டத்திற்கேற்ப அலகுகளைக் கூட்டலாம். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் வெளி விட வேண்டும். நெருப்பு தாண்டாதிருக்கவும் கூட்டம் கலையவும் அவ்வெளியே வழி. கால்கள் நான்கு மூலையிலும்; தேவையெனில் நடுவில் ஒன்று. காலும் வாரையும் சேரும் ஒவ்வொரு மூலையிலும் குறுக்குச் சட்டம் முக்கோணமாக விழ வேண்டும். நாற்கோணம் சாயும், முக்கோணம் சாயாது என்பதை ஈர்க்குக் குச்சியும் நூலும் கொண்டு நான்காம் ஆண்டுப் பிள்ளையும் கண்டுகொள்ளும். ஆணி அடித்தல் கூடாது. மூங்கிலின் நார்கள் நீளவாட்டில் ஓடுவதால் ஆணி அதனைப் பிளக்கும். நனைத்த தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினால், அது உலரும்போது கட்டு இறுகும். இவ்வொரு செய்தியில் ஒரு பௌதிக பாடம் முழுதும் அடங்கியிருக்கிறது.

பூங்காவில் ஆழக் குழி தோண்டல் ஆகாது. நீர்க்குழாய்களும் மின்கம்பிகளும் கீழே ஓடும். தூங்குமூஞ்சி மரத்தின் வேர்களும் ஓடும். மரத்தில் பந்தலைக் கட்டுவதும் பிழை. காற்றில் மரம் ஆடுவதற்கு ஏற்பப் பந்தல் ஆடாது. ஆகவே பந்தலைப் பிடித்து நிறுத்த நீர்ப் பீப்பாய். 200 லிட்டர்ப் பீப்பாய் நிரம்பினால் 200 கிலோகிராம். மூலைக்கு இரண்டாக எட்டுப் பீப்பாய் 1600 கிலோகிராம் ஆகும். முன்னர்க் கண்ட 900 கிலோகிராம் தூக்குவிசைக்கு அது தாராளமாக விடை சொல்லும். தண்ணீர்ப் பந்தலைத் தண்ணீரே தாங்கி நிற்பது பொருத்தமும்கூட. குடிக்கும் நீரை மட்டும் வேறு பீப்பாயில் வைக்க வேண்டும். இல்லாவிடில் மாலைக்குள் பந்தல் எடையிழந்துவிடும். வானம் கறுத்துக் காற்று எழும்பினால் கூட்டத்தை வெளியேற்றும் பொறுப்பு ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பொங்கலும் தைப்பூசமும் கெடாவின் வறண்ட பருவத்தில் வருவது இயற்கை செய்த உதவி.

இதனை எவர் கட்டுவது? கட்டத் தெரிந்த முதியவர்கள் தோட்டங்களிலும் கம்பங்களிலும் இன்னும் சிலர் உளர். மலாய்க் கம்பத்தில் கெண்டுரி விருந்திற்குக் கோத்தோங் ரோயோங்கில் பங்சால் எழுப்பிய கைகளும், தோட்டத்தில் திருமணப் பந்தற்கால் நட்ட கைகளும் ஒரே மூங்கிலைத்தான் பிடித்தன. இரு சாராரும் ஒரு திடலில் கூடி ஒரு பந்தல் எழுப்பினால் அதற்கு ஒற்றுமை பற்றிய உரை தனியே தேவைப்படாது. ஆனால் அம்முதியவர்களுக்கு அகவை ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்களோடு போகப் போவது கைத்திறன் மட்டுமன்று, ஒரு சொற்குவியல். கழி, வாரை, கிடுகு, வரிச்சு, முகடு, விதானம், மேற்கட்டி, கொடுங்கை என்பவை இன்று தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு அகராதிச் சொற்கள். கால்கோள் என்றால் தொடக்கம் என்று பொருள் எழுதச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பர் ஆசிரியர். கால் எங்கே நடப்பட்டது, எதற்கு நடப்பட்டது, விழா ஏன் அதனால் தொடங்கிற்று என்பது மாணவனுக்குத் தெரியாது. பல இடங்களில் ஆசிரியருக்கும் தெரியாது. பொருள் போனபின் சொல்லைக் காப்பாற்ற முயல்வது, ஆள் போனபின் நாற்காலியைத் துடைத்து வைப்பது போன்றது.

தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் மேல்நிலை ஆண்டுகளுக்குக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதில் அட்டைப்பெட்டியால் ஊர்தியும் மின்கலத்தால் விளக்கும் செய்கிறார்கள், நன்று. அதே பாடவேளையில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு பந்தல் செய்வதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தடையில்லை. பிள்ளைகள் அதன்மேல் மின்விசிறியை வைத்துப் பார்க்கட்டும். எங்கே பறக்கிறது, எங்கே முறிகிறது என்று கண்டு எழுதட்டும். கணித ஆசிரியர் சரிவையும், அறிவியல் ஆசிரியர் காற்றையும், தமிழாசிரியர் அரங்கேற்று காதையையும் கொண்டுவந்தால் ஒரு பந்தலுக்கு மூன்று ஆசிரியர் வேலை இருக்கிறது. அவ்வளவு வேலை இருப்பதுதான் சிலர்க்குத் தடையோ என்று ஐயுற இடமுண்டு.

மூங்கில் பாலிங், சிக் மலைப்புறங்களில் உண்டு. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் முற்றியதாகப் பார்த்து, வறண்ட பிப்ரவரியில் வெட்டி, ஓடும் நீரில் சில வாரம் ஊறப்போட்டு, மாவுச்சத்துக் கரைந்தபின் நிழலில் உலர்த்தினால் வண்டு எளிதில் அணுகாது. அடுத்த தைக்கு அது ஆயத்தம். விழா முடிந்து பிரிக்கும்போது ஒவ்வொரு கழிக்கும் எண்ணெழுதி, பள்ளி மண்டபத்தின் ஓரத்தில் தரை படாமல் அடுக்கி வைக்கலாம். உளுத்த கிடுகு வாழையடிக்கு எரு. குட்டைக் கழிகள் பள்ளித் தோட்டத்துப் புடலைக்கும் அவரைக்கும் பந்தலாகட்டும். எத்தனை கழி முறிந்தது, எந்தக் கட்டு அவிழ்ந்தது, எந்த மூலையில் மழை ஒழுகிற்று என்று ஆறாம் ஆண்டு மாணவர் குறித்த ஏடு, அவர்கள் பள்ளியை விட்டுப் போகுமுன் ஐந்தாம் ஆண்டு மாணவர் கைக்குப் போக வேண்டும்.